ஆற்றுச்சுழியின் ஆழமும் நீச்சல்குளத்தில் வளர்ந்த பிள்ளைகளும்

ஜூன், டிசம்பர் பள்ளி விடுமுறைகள் வந்துவிட்டால் சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கும் சென்னைக்கும் செல்லும் விமானங்களில் பிள்ளைகளின் சத்தமே மேலோங்கி இருக்கும். அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் நீந்தத் தெரிந்தவர்கள். 2010இல் தொடங்கிய ஸ்விம்சேஃபர் திட்டத்தின் கீழ் தொடக்கப்பள்ளிப் பருவத்திலேயே மிதக்கவும், மூச்சை அடக்கவும், உடையோடு நீரில் விழுந்தால் சமாளிக்கவும் பழகியவர்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிக்குப் பக்கத்திலேயே இருக்கும் நீச்சல் வளாகத்தில் வாரந்தோறும் நீந்தி வளர்ந்தவர்கள். அந்தப் பயிற்சி எத்தனையோ உயிர்களைக் காக்கக்கூடியது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஊருக்குப் போய் இறங்கியதும், "எங்க புள்ளைக்கு நீச்சல் நல்லாத் தெரியும்" என்று பெருமையோடு சொல்லி, கரைபுரண்டு ஓடும் காவிரியில் பிள்ளையை இறக்கிவிடும் பெற்றோரைப் பார்க்கும்போதெல்லாம் என் வயிறு கலங்கிப் போகிறது. குளத்தில் நாம் கற்பது நிற்கும் நீரில் நம் உடலை நகர்த்துவது. ஆற்றிலோ நீரும் நகர்கிறது. அது நேராக மட்டும் நகர்வதில்லை, வளைந்தும் திரும்பியும் கீழிறங்கியும் மேலெழுந்தும் நகர்கிறது. அந்த நகர்வுகளிலேயே மிகக் கொடியதான சுழியைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

நம் தீவில் ஓடும் ஆற்றைப் பார்த்து வளர வாய்ப்பில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நாட்டின் மிக நீளமான காலாங் ஆறே சுமார் 10 கிலோமீட்டர்தான். சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் ஒரு காலத்தில் கடலின் ஏற்றவற்றம் உள்ளே வந்து போய்க்கொண்டிருந்தது; பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே சரக்குப் படகு தள்ளிய சூலியா படகோட்டிகள், அதாவது நம் தமிழ் முன்னோர்கள், அந்த நீரோட்டத்தின் ஒவ்வொரு திருப்பத்தையும் கையால் அறிந்திருப்பார்கள். 2008இல் 350 மீட்டர் நீளமுள்ள மரினா அணைக்கட்டு எழுந்தபின் அந்த ஆறு ஒரு நன்னீர்த் தேக்கத்தின் பகுதியாகிவிட்டது. இன்று கிளார்க் கீயில் நின்று பார்க்கும் பிள்ளைக்கு ஆறு என்பது அசையாத ஒரு பச்சை நீர்ப்பரப்பு. அந்தப் பிள்ளை ஆடி மாதத்துக் கொள்ளிடத்தைப் பார்த்து எதை அஞ்ச வேண்டும் என்பதை யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும்.

சுழி என்றவுடன் பலருடைய மனத்தில் எழுவது குளியல் தொட்டியின் அடைப்பைத் திறந்ததும் நீர் சுற்றிக்கொண்டு இறங்கும் காட்சி. அடியில் ஒரு துளை இருக்கிறது, நீர் அதன் வழியே எங்கோ போகிறது, அகப்பட்டவரும் அதோடு போய்விடுவார் என்ற எண்ணம் நமக்கு மிகப் பழையது. கும்பகோணத்துக்கு அருகிலுள்ள திருவலஞ்சுழியின் தலபுராணமே இப்படிப்பட்ட ஒரு துளையைப் பற்றியதுதான். காவிரி வலமாகச் சுழித்து ஒரு பிலத்துக்குள், அதாவது பாதாளக் குழிக்குள், இறங்கி மறைந்துவிட்டது. சோழ நாடு வறண்டது. மன்னன் தவித்து நின்றபோது ஏரண்ட முனிவர் தம்மையே பலியாகக் கொடுத்து அந்தப் பிலத்துக்குள் இறங்க, காவிரி மீண்டும் வெளிப்பட்டது என்பது கதை. ஆற்றங்கரையில் வாழ்ந்த மக்கள் சுழியை எவ்வளவு அஞ்சினார்கள் என்பதை இதைவிட நன்றாகக் காட்டும் கதை இல்லை. ஆனால் நடப்பில், ஆற்றின் நடுவில் தோன்றும் சுழிக்கு அடியில் நீர் வெளியேறும் துளை ஏதும் இருப்பதில்லை. ஏரியின் மதகும் நீர்மின் நிலையத்தின் உறிஞ்சுவாயும்தான் விதிவிலக்கு. அவற்றைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

ஆற்றுச்சுழி பிறப்பது இரண்டு நீர்கள் உரசும் இடத்தில். ஆறு ஒரு பாறையையோ, பாலத்தூணையோ, கரையின் மூக்கையோ கடந்து செல்லும்போது, அந்தத் தடைக்குப் பின்னால் நீர் மந்தமாகி, பல சமயம் மேல்நோக்கியே திரும்பி ஓடத் தொடங்கும். இப்போது ஒரு பக்கம் விரைந்து கீழே ஓடும் நீர், அதை ஒட்டியே எதிர்த்திசையில் ஊரும் நீர். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள கோட்டில் நீர் முறுக்கிக்கொண்டு சிறு சிறு சுழிகளாகச் சிதறுகிறது. அந்தச் சுழிகள் தோன்றி, சற்றுத் தூரம் நகர்ந்து, ஒன்றோடொன்று சேர்ந்து பெருத்து, பிறகு கரைந்து போகின்றன. உள்நோக்கிச் செல்லச் செல்ல நீரின் வேகம் கூடும். சுழலும் எந்தப் பொருளும் மையத்தை நெருங்கும்போது விரைந்து சுழலும் என்பது இயற்பியலில் கோண உந்தம் மாறாதிருப்பதன் விளைவு. அந்த வேகத்தால் மையத்தில் அழுத்தம் குறைய, மேற்பரப்பு குழிந்து, நாம் பார்க்கும் புனல் வடிவம் உருவாகிறது. இப்படிக் கீழிறங்கும் நீர், சற்றுத் தள்ளிக் கொப்பளித்து மேலே வந்துவிடும். வலுவான சுழிக்குப் பக்கத்தில், எண்ணெய் ஊற்றியதுபோல் வழவழப்பாகப் புடைத்து நிற்கும் ஒரு நீர்வட்டத்தைக் கண்டால், அதுதான் கீழே போன நீர் திரும்பி வரும் வாசல்.

உலகில் ஆற்றுச்சுழிகளுக்கெல்லாம் பெயர்போனது நயாகரா ஆற்றில் இருக்கிறது. டொராண்டோவில் வாழும் தங்கை வீட்டுக்குச் சென்றிருந்தபோது, அருவியைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாமல், அங்கிருந்து ஆற்றோடு 5 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தொலைவு இறங்கி அந்தச் சுழியையும் பார்த்தே தீர வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். ஸ்பெயின் நாட்டுப் பொறியாளர் லியனார்தோ தோரெஸ் கெவெதோ வடிவமைத்து 1916இல் ஓடத் தொடங்கிய கம்பிவட ஊர்தி ஒன்று இன்றும் அந்தச் சுழிக்கு மேலே, 70 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில், கரைவிட்டுக் கரை போய்வருகிறது. அதில் நின்று கீழே பார்த்தால், 500 மீட்டருக்கு மேல் நீளமும் 350 மீட்டருக்கு மேல் அகலமும் கொண்ட ஒரு பெரிய பச்சைக் கிண்ணம். ஆழம் 38 மீட்டர், அதாவது பத்து மாடிக்கும் மேற்பட்ட ஒரு வீவக கட்டடம் முழுவதும் அதற்குள் மூழ்கிவிடும். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தோல் உரிந்த ஒரு நீண்ட மரத்துண்டு விளிம்போடு மெதுவாக ஊர்ந்து வந்தது. ஆற்றின் முதன்மை ஓட்டத்தைத் தொட்டதும் அதன் ஒரு முனை கீழே அமிழ்ந்து, மறுமுனை வானத்தை நோக்கி எழுந்து, முழு மரமும் ஒரு கணம் செங்குத்தாக நின்று, சத்தமே இல்லாமல் மறைந்தது. அது மீண்டும் எங்கே எழும் என்று எல்லோரும் தேடிக்கொண்டிருக்க, யாரும் எதிர்பாராத தொலைவில் மீன் துள்ளுவதுபோல் வெளியே வந்து விழுந்து, மறுபடியும் அதே சுற்றுக்குத் திரும்பியது.

அந்தச் சுழி அங்கே இருப்பதற்குக் காரணம் ஒரு பழைய பள்ளத்தாக்கு. பனியூழிக் காலத்தில் மண்ணும் கல்லும் நிறைந்து மூடிப்போன செயின்ட் டேவிட்ஸ் பள்ளத்தாக்கை, பாறையை அரித்துக்கொண்டே பின்வாங்கி வந்த நயாகரா அருவி சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன்பு எதிர்கொண்டது. கடினப்பாறையை மெதுவாக அறுத்துவந்த ஆறு, அந்தத் தளர்ந்த மண்ணை வாரிக்கொண்டு போய்விட்டது. அதனால் ஆறு செங்கோணத்தில் திரும்ப வேண்டிய ஓர் இடத்தில் பெரிய குடைவு விழுந்தது. விநாடிக்கு 9 மீட்டர் வரை வேகத்தில் மேலிருந்து பாய்ந்து வரும் நீருக்கு உடனே வலப்பக்கம் திரும்ப முடிவதில்லை. நேராகப் போய்க் குடைவின் சுவரில் மோதி, இடஞ்சுழியாகச் சுற்றிவந்து, வெளியேறும் வாயை அடைய வேண்டுமானால் தான் வந்த வழியையே குறுக்கே கடக்க வேண்டும். மேலே இடமில்லாததால் உள்ளே வரும் நீருக்கு அடியில் நுழைந்துதான் வெளியேறுகிறது. அந்த மரத்துண்டை மூழ்கடித்தது இந்த அடிவழிதான்.

சுற்றும் திசையைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது. பூமியின் சுழற்சிதான் சுழியின் திசையை முடிவு செய்கிறது என்றும், நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஒரு விதமாகவும் தெற்கே வேறு விதமாகவும் சுற்றும் என்றும் படித்தவர்களே சொல்கிறார்கள். சூறாவளி அளவுக்குப் பெரிய அசைவுகளுக்கு அது பொருந்தும். சில நூறு மீட்டர் அகலமுள்ள சுழிக்குப் பொருந்தாது. நயாகராச் சுழியே இதற்குச் சான்று. அமெரிக்காவும் கனடாவும் செய்துகொண்ட 1950ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி சுற்றுலாப் பருவத்தின் பகலில் விநாடிக்கு 2,832 கனமீட்டருக்குக் குறையாத நீர் அருவியில் விழ வேண்டும். இரவில் அதில் பாதி போதும், எஞ்சியது மின் உற்பத்திக்குப் போய்விடும். நீர் அப்படிக் குறையும்போது ஆற்றுக்குச் சுவர்வரை பாயும் வேகம் இருப்பதில்லை. அது நேரே வாயிலை நோக்கித் திரும்பிவிட, சுழி வலஞ்சுழியாக மாறுகிறது. ஒரே சுழி, ஒரே நாளில் இரண்டு திசைகள். நம் ஊர்க் காவிரியிலும் மேட்டூரில் திறக்கும் நீரின் அளவு மாறும்போதெல்லாம் சுழிகளின் இடமும் வலிமையும் மாறிவிடுகின்றன. "போன வருஷம் இங்கேதான் குளிச்சோம், ஒண்ணும் ஆகலை" என்ற பேச்சை நான் ஏற்றுக்கொள்ளாததற்கு இதுதான் காரணம்.

நீச்சல் திறமை இந்த நீருக்கு முன்னால் எவ்வளவு நிற்கும் என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம். 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஜோசப் ஸ்கூலிங் 100 மீட்டர் வண்ணத்துப்பூச்சி நீச்சலை 50.39 விநாடியில் முடித்து நம் நாட்டுக்கு முதல் தங்கத்தைக் கொண்டுவந்தார். அது விநாடிக்கு ஏறத்தாழ 2 மீட்டர். உலகின் மிகச்சிறந்த உடல் ஒன்று, ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரம், முழு வலிமையையும் கொட்டி எட்டிய வேகம் அது. நன்றாக நீந்தும் ஒரு சாதாரண இளைஞர் விநாடிக்கு ஒரு மீட்டரைத் தொடர்ந்து தக்கவைப்பதே கடினம். நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது உடலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும்; மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. நயாகராவின் 9 மீட்டர் வேகத்தை விடுங்கள், ஆடிப்பெருக்குக் காலத்தில் காவிரி விநாடிக்கு 2 மீட்டர் ஓடினாலே எதிர்த்து நீந்துவது என்ற பேச்சுக்கே இடமில்லை.

மேத்யூ வெப்பின் முடிவு இதைத்தான் சொல்கிறது. 1875 ஆகஸ்டில் 21 மணி 45 நிமிடத்தில் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்து, துணைக்கருவி ஏதுமின்றி அதைச் செய்த முதல் மனிதர் என்று புகழ்பெற்றவர் அவர். 1883 ஜூலை 24 அன்று, 35 வயதில், நயாகராச் சுழிக்கு மேலுள்ள பாய்ச்சல் பகுதியை நீந்திக் கடக்கப் படகிலிருந்து குதித்தார். சுழியின் வாயிலருகே மறைந்தார். நான்கு நாட்களுக்குப் பிறகு கீழே உடல்தான் கிடைத்தது. நமக்கோ வெப்புக்கு ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஆட்டனத்தி இருக்கிறான். கழார்த் துறையில், புதுப்புனல் விழாவில், நீராடலில் தேர்ந்தவன் என்று ஊரே கண்டு களித்த அவனைத்தான் காவிரி கொண்டுபோயிற்று. கரிகாலன் மகள் ஆதிமந்தி கரைநெடுகக் கதறித் தேடினாள். சங்கப் பாடல்கள் அந்தத் துயரை மீண்டும் மீண்டும் நினைவுகூர்கின்றன. நீந்தத் தெரியாதவன் போனான் என்று அங்கே யாரும் பாடவில்லை என்பதைப் பெற்றோர் கவனிக்க வேண்டும்.

இன்னொரு நிகழ்ச்சி சுழியின் இயல்பை மிகத் தெளிவாகக் காட்டுகிறது. 1901 செப்டம்பரில் மாட் வில்லர்ட் என்ற நடிகை தம் செல்ல நாயோடு ஒரு பீப்பாய்க்குள் புகுந்து அதே பாய்ச்சலைக் கடக்க முயன்றார். பீப்பாய் உடையவில்லை, மூழ்கவும் இல்லை. பாய்ச்சலைப் பத்திரமாகக் கடந்து சுழிக்குள் வந்து சேர்ந்தது. அதன்பின் சுழி அதை வெளியே விடவில்லை. கரையில் நின்றவர்கள் கண்ணெதிரே பல மணி நேரம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஒருவழியாக அதைக் கரைசேர்த்துத் திறந்தபோது அந்தப் பெண் மூச்சுத்திணறி இறந்திருந்தார். காற்றுத்துளையில் மூக்கை வைத்திருந்த நாய் மட்டும் பிழைத்திருந்தது. சுழி ஒருவரை அடியாழத்துக்கு இழுத்துத்தான் கொல்ல வேண்டும் என்பதில்லை. கரைக்குப் பத்தடி தொலைவிலேயே, களைத்துப் போகும்வரை பிடித்து வைத்துக்கொண்டாலே போதும். நம் ஊர் ஆறுகளில் நடக்கும் சாவுகளும் பெரும்பாலும் இப்படித்தான் என்று நான் நினைக்கிறேன்: அகப்பட்டவர் கரையைப் பார்த்தபடியே, அதை நோக்கி நேராக நீந்தியபடியே, ஓய்ந்து போகிறார்.

இனி ஆழத்துக்கு வருவோம். சுழி ஆழமான இடத்தில் இருக்கிறது என்பதைவிட, சுழிதான் இடத்தை ஆழமாக்குகிறது என்பது சரி. மணற்படுகையில் முறுக்கி இறங்கும் நீர் மணலைக் கிளப்பிவிட, ஓட்டம் அதைக் கொண்டுபோய்விடுகிறது. பாறைப்படுகையாக இருந்தால், சுழியில் அகப்பட்ட கூழாங்கற்கள் பாறையையே ஆண்டுக்கணக்கில் கடைந்து வட்டக் குழிகளை உண்டாக்கும். பாலத்தூணைச் சுற்றி ஏற்படும் அரிப்புக்குழி பாலத்தையே சாய்க்கும் அளவுக்கு ஆழமாகக்கூடும். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில், 1928இல் கட்டப்பட்ட திருச்சி கொள்ளிடம் பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் ஆட்டங்கண்டு சரிந்ததும், அடுத்த சில நாட்களில் 1836ஆம் ஆண்டு ஆர்தர் காட்டன் காலத்தில் எழுந்த முக்கொம்பு மேலணையின் மதகுகள் சில அடித்துச் செல்லப்பட்டதும் பலருக்கு நினைவிருக்கும். அளவுக்கு மீறி மணல் அள்ளி ஆற்றுப்படுகை தாழ்ந்துபோனதும் ஒரு காரணம் என்று அப்போது பேசப்பட்டது. பாலத்துக்கே அந்த நிலை என்றால், அதே ஆற்றில் முழங்கால் அளவு நீரில் நடந்துபோகும் பிள்ளையின் அடுத்த காலடி எங்கே விழும் என்பதை நினைத்துப் பாருங்கள். மணல் அள்ளிய பள்ளங்கள் நீர் வந்தபின் கண்ணுக்குத் தெரிவதில்லை. அவற்றின் விளிம்பு காலடியிலேயே சரியும்.

ஆழத்தின் எல்லை எதுவரை போகும் என்பதற்குக் காங்கோ ஆற்றைச் சொல்லலாம். கீழ்க் காங்கோவில் சில இடங்களில் 200 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் அளந்தறியப்பட்டிருக்கிறது. உலகிலேயே மிக ஆழமான ஆறு அதுதான். அங்கே கண்ணும் நிறமும் இழந்த ஒருவகை மீன் வாழ்கிறது. மீனவர்கள் அதைப் பெரும்பாலும் செத்த நிலையிலோ சாகும் நிலையிலோதான் மேற்பரப்பில் கண்டார்கள். அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் மெலனி ஸ்டியாஸ்னி ஆராய்ந்தபோது அந்த மீன்களின் உடலுக்குள் காற்றுக்குமிழிகள் இருந்தது தெரியவந்தது. ஆழ்கடலில் மூழ்குபவர் அவசரமாக மேலேறினால் இரத்தத்தில் குமிழி கட்டுமே, அதே நிலைதான். இருண்ட ஆழத்தில் வாழும் மீனையே கொப்பளித்தெழும் நீரோட்டம் மேலே தூக்கி எறிந்து கொன்றுவிடுகிறது. ஆற்றுக்குள் செங்குத்தாக ஓடும் நீர் எவ்வளவு வலியது என்பதற்கு இதற்குமேல் ஒரு சான்று எனக்குத் தேவைப்படவில்லை.

மனித உடலின் அடர்த்தி நீரின் அடர்த்திக்கு மிக அருகில் இருப்பதுதான் நம் பலவீனம். மூச்சை நிறைய இழுத்துப் பிடித்தால் மிதக்கிறோம். விட்டால் மெல்ல அமிழ்கிறோம். நம்மை மேலே தூக்கும் விசை அவ்வளவு சிறியது என்பதால் கீழிறங்கும் நீர் நம்மை எளிதாகக் கொண்டுபோகும். விநாடிக்கு அரை மீட்டர் வேகம் போதும், பத்து விநாடியில் 5 மீட்டர் கீழே இருப்போம். அங்கே காது வலி தாங்காது, எந்தப் பக்கம் மேல் என்பதும் புலப்படாது. அருவியின் கீழும் அணையின் கீழும் நீர் வெண்மையாக நுரைத்துக் கிடக்கும் இடங்களில் நிலைமை இன்னும் மோசம். அந்த வெண்மை காற்றுக்குமிழி. காற்று கலந்த நீர் உடலைத் தாங்காது, அடித்து நீந்தக் கைக்குப் பிடிமானமும் கிடைக்காது.

நீரைப் படிப்பது என்றால் என்ன என்பதை எனக்குக் காட்டியவர் திருவையாற்றுப் பக்கத்தில் இருக்கும் எங்கள் பெரியப்பா. தேசிய சேவையை முடித்துவிட்டு வந்திருந்த என் அக்கா மகன், படித்துறையிலிருந்து அக்கரைக்கு நீந்திக் காட்டுவதாகச் சொன்னான். ஆறு அன்று அமைதியாகத்தான் தெரிந்தது. பெரியப்பா திட்டவில்லை. கரையில் கிடந்த ஒரு காய்ந்த தேங்காய் மட்டையை எடுத்து ஓட்டத்தில் எறிந்தார். அது நேராகக் கீழே போயிற்று. படித்துறையின் கடைசிச் சுவர்மூக்கைத் தாண்டியதும் வேகம் குறைந்து தயங்கி நின்றது. பிறகு கரையை ஒட்டி எங்களை நோக்கியே மேலே ஏறி வந்து, மறுபடியும் உள்ளே திரும்பி, கரும்பச்சையாகத் தெரிந்த ஓர் இடத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி, சட்டென்று அமிழ்ந்தது.

"பாத்தியா தம்பி, அந்த எடந்தான் கசம். மேல ஒண்ணும் தெரியாது. மட்டையே உள்ள போயிடுச்சு, நீ எம்மாத்திரம்?" என்றார். கசம் என்றால் ஆற்றுக்குள் இருக்கும் ஆழமான பள்ளம்.

"எவ்வளவு ஆழம் இருக்கும் தாத்தா?" என்று கேட்டான்.

"ரெண்டு ஆள் உசரம்னு எங்கப்பா சொல்லுவாரு. இப்ப எவ்வளவோ, யாரு எறங்கி அளந்தா? தண்ணி வத்துறப்ப வா, காட்டுறேன்."

அவன் படியில் உட்கார்ந்து மேலும் சில மட்டைகளை எறிந்து பார்த்துக்கொண்டிருந்தான். எல்லாம் ஒரே இடத்தில் அமிழவில்லை என்பதையும், சில மூழ்காமலே தப்பிப் போயின என்பதையும் அவனே கண்டுபிடித்துச் சொன்னான். அந்த அரைமணி நேரத்தில் அவன் கற்றதை எந்த நீச்சல்குளமும் கற்றுக்கொடுக்க முடியாது.

மனிதர் கட்டியவற்றால் உண்டாகும் சுழிகள் இயற்கைச் சுழிகளைவிடக் கொடியவை. தடுப்பணையின் மேலே வழிந்து விழும் நீர் கீழே சென்று, மேற்பரப்பில் அணையை நோக்கியே திரும்பி உருளும். அதில் அகப்பட்டவர் மேலே வரும்போதெல்லாம் அருவியின் அடிக்கே தள்ளப்பட்டு மீண்டும் அமுக்கப்படுவார். உயரம் குறைந்த அணைதானே என்று குளிக்க இறங்கும் இடங்களில் இது நடக்கிறது. நீர் வெளியேறும் வழி அங்கே அடியில்தான் இருக்கிறது. ஆகவே "மேலே வரப் பார்க்காதே, அடியோடு போய்த் தள்ளி எழு" என்று ஆற்றோரத்து முதியவர்கள் சொல்வதில் உண்மை உண்டு, ஆனால் மூச்சு முட்டும் நிலையில் அதைச் செய்யும் மனத்திடம் மிகச் சிலருக்கே வாய்க்கும். ஏரி மதகுக்கும் நீர்மின் நிலைய உறிஞ்சுவாய்க்கும் முன்னால் தோன்றும் சுழிகள் மட்டும்தான் உண்மையிலேயே துளை உள்ள சுழிகள். நீர்மட்டத்தின் முழு எடையும் சேர்ந்து மதகின் வாயில் அழுத்துவதால், அங்கே ஒட்டிக்கொண்ட உடலை எத்தனை பேர் இழுத்தாலும் மீட்க முடியாது. மதகை மூடினால்தான் உண்டு.

மலேசியாவுக்குச் செல்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கோத்தா திங்கி போன்ற அருவிகளில் குளிக்கும்போது மேலே மலையில் பெய்யும் மழை நமக்குத் தெரியாது. திடீரென்று நீர் கலங்கி, இலைகுப்பை மிதந்து வந்து, ஓசை மாறினால் அது 'கெப்பாலா ஆயர்' என்று மலாய்க்காரர்கள் சொல்லும் திடீர்ப் பெருக்கு. அந்த நொடியே பைகளை விட்டுவிட்டு மேட்டுக்கு ஏற வேண்டும். சற்றுமுன் இடுப்பளவு நீரில் பாறைக்குப் பின்னால் இதமாக இருந்த அதே இடம் சுழியாகிவிடும். நம் தீவின் பெரிய மழைநீர்க் கால்வாய்களும் அடைமழையின்போது இப்படித்தான். கணுக்காலுக்குச் சற்று மேலான 15 சென்டிமீட்டர் விரைநீர் வளர்ந்த ஆளையே வீழ்த்தக்கூடும்.

அகப்பட்டுவிட்டால் என்ன செய்வது என்று பிள்ளைகள் கேட்பார்கள். அவர்களுக்கு இதைச் சொல்லி வையுங்கள். சுழி நெருங்குவது தெரிந்ததும் கத்துவதற்குமுன் மூச்சை நிறைய இழுக்க வேண்டும். காலைக் கீழே ஊன்றித் தேடாமல், உடலை மேற்பரப்பில் தட்டையாக விரிக்க வேண்டும். கரையைப் பார்த்து நேராக நீந்தாமல், சுற்றும் திசையிலேயே போய், சுற்று ஆற்றின் கீழ்ப்போக்கை நோக்கித் திரும்பும் இடத்தில் இருக்கிற வலிமையையெல்லாம் போட்டுச் சாய்வாக வெளியே பாய வேண்டும். அமுக்கிவிட்டால் போராடி மூச்சைச் செலவழிக்கக் கூடாது. ஆற்றின் நடுவே நகரும் சுழிகளில் பல சில விநாடிகளில் கலைந்துவிடுபவை, விட்டதும் மேலேறலாம். உயிர்காப்பு அங்கி அணிந்திருந்தால் அது 7 முதல் 10 கிலோகிராம் வரை மேல்நோக்கித் தூக்கும். சுழி ஒருமுறை கீழே இழுத்தாலும் திரும்பக் கொண்டுவந்துவிடும் வாய்ப்பு அதில்தான் இருக்கிறது. ஒகேனக்கலில் பரிசலில் ஏறும்போது அங்கியைப் புகைப்படத்துக்காகக் கழற்றிவிடுபவர்களைக் கண்டிருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

காப்பாற்றப் போகிறவர் சாவதும் இதே ஆறுகளில்தான். ஒருவரைத் தேடிக் குதித்து இருவர், மூவர் என்று ஒரே குடும்பத்தில் போய்விடுகிறார்கள். 2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை அணையில் இளைஞர்கள் நால்வர் ஆழத்தில் சிக்கியபோது, அங்கே துணி துவைத்துக்கொண்டிருந்த மூன்று பெண்கள் சற்றும் தயங்காமல் தம் சேலைகளை அவிழ்த்து வீசினார்கள். இருவர் அதைப் பற்றிக்கொண்டு கரையேறினார்கள். இருவரைக் காப்பாற்ற முடியவில்லை. அந்தப் பெண்களுக்குத் தமிழக அரசு கல்பனா சாவ்லா விருதை வழங்கியது. எட்டிக் கொடுக்கக் கம்பு, எறியக் கயிறு, அதுவும் இல்லையென்றால் சேலை: கரையிலிருந்தே செய்யக்கூடியவை இவைதாம்.

எங்கள் வீட்டில் இப்போது ஊர்ப்பயணப் பெட்டியில் மிதக்கும் கயிறு ஒரு சுருளும், பிள்ளைகளின் அளவுக்கேற்ற உயிர்காப்பு அங்கிகளும் போகின்றன. கரையை அடைந்ததும் முதலில் அங்கே மீன் பிடிப்பவரிடமோ துணி வெளுப்பவரிடமோ கேட்கிறோம்: மேலே தண்ணீர் திறந்திருக்கிறார்களா, கசம் எந்தப் பக்கம், இங்கே மணல் அள்ளினார்களா. பதில் தெளிவாக வராத இடத்தில் படித்துறையிலேயே உட்கார்ந்து சொம்பில் மொண்டு குளித்துவிட்டு வருகிறோம்.